பெட்டியில்லாத ரேடியோ

மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் அவளை எதிரில் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பியூஸ் என்பார்கள். கோபம் வந்தால் பியூஸ் மாதிரி சட்டென்று போய்விடுவாள் என்பதால் வந்த பெயர். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் விட்டுவைத்திருந்தாள். பியூஸ் போகிறதால்தானே மோட்டார் எரியாமல் பிழைக்கிறது, பெயர் வைத்தவன் விஷயம் தெரிந்தவன் என்பது அவள் கட்சி. வெடிக்கிற ஆட்களிடம் அவளுக்குப் பயமில்லை. வெளியே காட்டாமல் உள்ளேயே புகைந்துகொண்டிருக்கிற ஆட்களைக் கண்டால்தான் ஆகாது. விதியைப் பாருங்கள், அப்படி ஒருவரைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரருக்கு ஊர் எல்லையில் லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை. வாயைத் திறந்து பேசமாட்டார். பேசினால் மாற்றமாட்டார். சொன்ன சொல் தவறாத மனுஷன் என்று தெருவே மெச்சும். மெச்சுகிறவர்களுக்கு என்ன, அவர்களா கூட இருந்து குப்பை கொட்டுகிறார்கள்? சொன்ன சொல் தவறாதவரோடு குடும்பம் நடத்துவதென்றால், அவர் சொல்கிற சொல் சரியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தத் தப்பும் தவறாமல் நடக்கும்.

இவர்களுக்கு ஒரே மகள். வாய் மட்டும் அப்படியே அம்மா. அப்பா தன் அண்ணனிடம் ஒரு மாப்பிள்ளைக்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்தார், மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளோ தூரத்து நகரத்தில் ரேடியோ நிலையத்தில் செய்தி வாசிக்கிற வேலைக்கு எழுதிப் போட்டு, அது கிடைத்தும் விட்டிருந்தது. பெரியப்பா வந்து உட்கார்ந்திருக்கும்போதே, "வாக்கு குடுத்தது நீங்க. நீங்களே போய்க் கட்டிக்கங்க" என்றாள். பெரியப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அப்பா கத்தவில்லை, கை ஓங்கவில்லை. "இனிமே இவ குரல் இந்த வீட்ல கேக்கக் கூடாது" என்றார், அவ்வளவுதான். மகள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தாள். ஊரிலுள்ள எல்லாரிடமும் எரிந்து விழுகிற பியூஸ், அன்றைக்கென்று பார்த்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள். மகள் போய்விட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரேடியோவில் வானிலை வாசித்தார்கள், அதற்குப் பின் அணைகளின் நீர்மட்டம். யார் குரல் என்று இவளுக்கு உறைப்பதற்குள் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். ஒயரைப் பிடுங்கினார். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், பின்கட்டில் துணி ஊறிக்கொண்டிருந்த அண்டாவுக்குள் இறக்கினார். குமிழி அடங்குகிறவரை நின்றார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். ஆத்திரத்தில் தூக்கிப் போட்டு உடைத்திருந்தால்கூட இவள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மன்னித்திருப்பாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி நிதானமாக முக்கினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது. அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "இன்னொரு பெட்டி வந்தா அதுக்கும் இதே கதிதான்."

இவ்வளவு கோபக்காரி நேராக மகளைப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் அந்த நகரம் வந்துவிடும்தான். ஆனால் அவள் மனதில் ஒரு கணக்கு இருந்தது. இந்த மனுஷன் பெற்ற மகளை அறுத்து எறிந்துவிட்டு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் காட்டாவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா, இதில் நானும் வாசல் தாண்டிப் போனேன் என்றால் அப்படியே ஒடிந்து விழுந்துவிடுவார் என்று நினைத்தாள். திட்டிக்கொண்டே நினைத்தாள். அதனால் போகவில்லை. ஆனால் குரலாவது கேட்கவேண்டும். அது இல்லாமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

ஒருநாள் பக்கத்துச் சந்துத் தையல்காரி வீட்டுக்கு, ரவிக்கை தைக்கக் கொடுக்கிற சாக்கில், சரியாக மகள் வாசிக்கிற நேரத்துக்குப் போனாள். தையல்காரி ரேடியோவைத் திருப்பிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் தண்ணியில முக்கிட்டாராமே, பாவம் நீங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பாவம் என்ற அந்த ஒரு சொல் போதும். இவள் துணியைத் திரும்ப வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தச் சந்துப் பக்கமே அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வழி நெடுகப் பொருமிக்கொண்டு வந்தவளுக்கு வீட்டுப் படி ஏறும்போது ஒன்று பளிச்சென்று பட்டது. பெட்டி வந்தால்தானே முக்குவார்? பெட்டியே இல்லாமல் ஒரு ரேடியோ கட்டினால் எதைத் தூக்கிக்கொண்டு போய் முக்குவார்? செவுரையா?

ரேடியோ ரிப்பேர் கடைக்காரன் பட்டறைக்குத் தெரிந்தவன், டிரான்ஸ்பார்மர் கட்டிக்கொடுக்கச் சொல்லி வருகிறவன். கரண்டே வேண்டாத ரேடியோ ஒன்று உண்டு என்று அவன் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. போய்க் கேட்டாள். ஒரு காயில், ஒரு கேங், ஒரு டயோடு, காதில் வைத்துக்கொள்ள ஒரு குமிழ், மொட்டைமாடியில் நீளமாக ஒரு கம்பி, குழாயில் கட்டி மண்ணுக்கு ஒரு கம்பி, முடிந்தது சமாச்சாரம் என்றான். கேங் என்றால் ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றத் திருகுகிறோமே, அந்தத் திருகுக்குப் பின்னால் இருக்கிற தகட்டு அடுக்கு. திருகினால் பாதித் தகடுகள் மீதித் தகடுகளுக்கு நடுவில் போய்வரும். வானத்தில் வருகிற எல்லா ஸ்டேஷனும் கம்பி வழியாக இறங்கும், காயிலும் கேங்கும் ஜோடி சேர்ந்து ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் மண்ணுக்கு அனுப்பிவிடும், எதை நிறுத்துவது என்பதைக் கேங்கைத் திருகி நாம் சொல்கிறோம் என்றான். டயோடையும் காதுக்குமிழையும் அவனே கொடுத்தான். கேங்குக்கு அவள் வெளியே போகவில்லை. அண்டாவில் மூழ்கிய பெட்டியை வெயிலில் போட்டுப் பிரித்து, அதிலிருந்தே கழற்றிக்கொண்டாள். தகடுகளுக்கு நடுவில் சோப்பு நுரை காய்ந்திருந்தது. ஊசிநுனித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. என்னென்ன சொன்னாள் என்பது இங்கே எழுதுகிற தரத்தில் இல்லை.

காயில்தான் அவள் ஏரியா. சோற்றுக்குக் கை போகிற மாதிரி அவளுக்குக் காயில். ஒரு காயில் என்றால் என்ன செய்யவேண்டும் என்று அவள் யோசிக்கவே வேண்டாம், கையே செய்யும். அதுதான் வினையாகப் போயிற்று. பட்டறையில் எரிந்த மோட்டாருக்குக் கட்டுகிற மாதிரியே அடுக்குமேல் அடுக்காகக் கெட்டியாகச் சுற்றினாள். நாடாவால் இறுக்கினாள். வார்னிஷில் முக்கி, அடுப்பில் சுட்டுக் காயவைத்தாள். கடைசியில் இரும்புத் தகடுகளைச் செருகி நடுவில் அழகாக உட்காரவைத்தாள். இரும்பில்லாத காயில் என்று ஒன்றை அவள் ஆயுசில் பார்த்ததில்லை. முதலாளி பார்த்துவிட்டு, எந்த மோட்டாருக்கு இது என்றார். என் வயித்தெரிச்சலுக்கு என்றாள். 

சமையல் மேடைக்கு மேலே சுவரில் ஆணி அடித்து எல்லாவற்றையும் மாட்டினாள். மாடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளில் கட்டி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தாமிரக் கம்பியை இழுத்தாள். வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தார், கம்பியைப் பார்த்தார், அது எங்கே போகிறதென்று தொடர்ந்துகொண்டே வந்து சுவருக்கு முன்னால் நின்றார். இது என்ன என்று கேட்டார். துணிக்கொடி என்றாள். அவருக்கா தெரியாது? அறுத்துவிடுவேன் என்றார்.

"அறுங்க. பட்டறையில கம்பி மலையாக் கெடக்கு. நீங்க அறுக்க அறுக்க நான் கட்டுவேன். யார் கை ஓயுதுன்னு பாத்துடலாம்."

அவர் தகட்டையும் கம்பியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். தூக்கிக்கொண்டு போக அங்கே ஒன்றுமில்லை. கால் கழுவப் போய்விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு அவள் ஒரு கவளம் கூடவே சாப்பிட்டாள்.

மறுநாள் அவர் எடைமேடைக்குக் கிளம்பிப் போனதும் குமிழைக் காதில் வைத்தாள். சத்தமே இல்லை. கேங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருகினாள். ஒரு இரைச்சல்கூட இல்லை, செத்த பிணமாக இருந்தது. கட்டுகளையெல்லாம் அவிழ்த்துச் சுரண்டி மறுபடி முறுக்கினாள். அடுத்த நாளும் அப்படியே. அங்கே மகள் வாசித்துக்கொண்டிருப்பாள், இங்கே காதில் தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. மூன்றாவது நாள் காயிலைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய் ரிப்பேர்காரனின் மேஜையில் டொம்மென்று வைத்தாள். என்னடா பொருள் கொடுத்தாய் என்று ஆரம்பித்தவளை அவன் கையமர்த்தினான். காயிலைத் தூக்கிப் பார்த்தான், எடை தாங்காமல் மறுகையையும் கொடுத்தான், பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"அக்கா, இத வெச்சுக் கெணத்துல தண்ணி எறைக்கலாம். ரேடியோ கேக்க முடியாது."

அவனை அடிக்காமல் விட்டது அவன் அம்மா செய்த புண்ணியம். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான். மோட்டாரில் ஓடுவது மெதுவான கரண்ட், அதற்கு இந்த இரும்பு சரி. ரேடியோவில் வருவது வேறு வேகம், கண்மூடித் திறப்பதற்குள் லட்சக்கணக்கில் துடிக்கும். வானத்திலிருந்து வருவதோ துளி, அந்தத் துளியையும் இந்த இரும்பே குடித்துவிடுகிறது. அடுக்குமேல் அடுக்கு ஆகாது, காகிதக் குழாயில் ஒற்றை வரிசை போதும், உள்ளே காற்றைத் தவிர எதையும் வைக்காதே என்றான். வழியெல்லாம் அவளுக்கு அவன்மேல்தான் கோபம். படியேறியபோது அது தன்மேல் திரும்பிவிட்டது. நாள் முழுக்கக் காயிலோடு புழங்குகிறவள், தன் மகள் குரலைத் தன் கையாலேயே இரும்புக்கு ஊட்டியிருக்கிறாள். வீட்டுக்காரர் தண்ணீரில் முக்கினார், நான் வார்னிஷில் முக்கினேன், என்ன பெரிய வித்தியாசம் என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

மோட்டாருக்குள் செருகுகிற கெட்டிக் காகிதத்தை உருட்டிக் குழாய் செய்தாள். மெல்லிய கம்பியை எடுத்து, ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் ஒரு சுற்று, மேலே ஏறாமல், இடைவெளி விடாமல் சுற்றினாள். முடித்துக் கையில் எடுத்தால் கனமே இல்லை. இதுவா பேசப்போகிறது என்று எரிச்சலாக வந்தது. மாட்டிவிட்டுக் குமிழைக் காதில் வைத்தாள்.

மலச்சிக்கல் பற்றி ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார்.

உள்ளூர் ஸ்டேஷன் அது, நாலு தெரு தள்ளிக் கோபுரம். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று காதைக் கிழித்தார். கேங்கைத் திருகினாள். டாக்டர் கொஞ்சம் நகர்ந்தார், போகவில்லை. அவருக்குப் பின்னால், பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு பெண்குரல். என்ன சொல்கிறது என்று பிரியவில்லை. ஆனால் முடிக்கும்போது குரலைக் கொஞ்சம் இறக்குகிற அந்தத் தினுசு இருக்கிறதே, அது அவள் வீட்டுத் தினுசு. தாய்க்குத் தெரியாதா? அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. யோவ், கொஞ்சம் வாயை மூடேன்யா என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். டாக்டர் நார்ச்சத்துக்குப் போய்விட்டார்.

இத்தனை நாள் எல்லாரும் என் குறுக்கே நின்றீர்கள், இனி வானத்திலிருந்தும் ஒருத்தன் வருவானா என்று அவளுக்கு ஒரு வீம்பு வந்தது. மாடிக்கம்பியைக் காயிலின் உச்சியில் கட்டியிருந்தாள். அவ்வளவு நீளக் கம்பி மொத்தக் காயிலையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் அது எப்படி ஒன்றையே பிடித்து நிற்கும் என்று தோன்றியது. வோல்டேஜ் குறையும்போது போடுகிற ஸ்டெபிலைசருக்குக் காயில் கட்டும்போது நடுநடுவே கம்பியை வெளியே இழுத்துக் காது வைப்பது வழக்கம். அந்த மாதிரி இதிலும் கீழ்ப்பக்கம் சில சுற்றுகளில் கம்பிமேல் பூசியிருக்கிற எனாமலைச் சுரண்டிக் காது வைத்தாள். மாடிக்கம்பியை ஒவ்வொரு காதிலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கீழே இறங்க இறங்கச் சத்தம் குறைந்தது. ஆனால் இரண்டு குரலும் ஒன்றையொன்று விட்டு விலகின. டாக்டர் ஒரு பக்கம் போனார், அந்தப் பெண்குரல் இன்னொரு பக்கம் தனியாக நின்றது. பாதிக் காரியம் ஆகிற நேரத்தில் வாசிப்பு முடிந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு.

ஞாயிறு காலை வீட்டுக்காரர் முற்றத்தில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் இருக்கிறாரா இல்லையா என்று அவள் கவலைப்படவில்லை. இருக்கட்டும் என்றுதான் இருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுக் குமிழைக் காதில் அழுத்திக் கேங்கை மயிரிழை மயிரிழையாகத் திருகினாள். வந்தாள். டாக்டர் இல்லை, இரைச்சல் இல்லை, சின்னதாக, துடைத்து வைத்த மாதிரி மகள் மட்டும். இந்த அணையில் நீர் வரத்து கூடியிருக்கிறது, அந்த அணையில் திறந்துவிட்டிருக்கிறார்கள். உலகத்தில் அதைவிடச் சப்பென்ற சங்கதி கிடையாது. அவள் ஒரு சொல் விடாமல் கேட்டாள். குரலில் கரகரப்பு இருந்தது. ஒரு இடத்தில் நிறுத்தி எச்சில் விழுங்கினது கூடக் கேட்டது.

முடிந்ததும் குமிழை ஆணியில் மாட்டிவிட்டு முற்றத்துக்கு வந்தாள். அவரைக் குத்தவேண்டும் என்றுதான் வந்தாள். நீ முக்கினாய், நான் கேட்டுவிட்டேன், என்ன செய்வாய் என்று முகத்துக்கு நேரே சொல்லவேண்டும்.

"கேட்டாச்சு. தொண்டை கட்டிக்கெடக்கு அவளுக்கு. கஷாயம் வெச்சுக் குடுக்க ஒரு நாதியில்ல."

அவர் நகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வாரம்தான் மோசம். ரெண்டு நாளாப் பரவால்ல" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நகவெட்டி அப்படியே நின்றுவிட்டது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. காலையில் அரக்கப்பரக்கக் கிளம்பிப் போனது, கம்பியைப் பார்த்தும் அறுக்காமல் விட்டது எல்லாம். எங்கே கேட்டீங்க என்றாள். எடைமேடை அறையில் ஒரு சின்னப் பெட்டி இருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் கேட்பேன் என்றார். மகள் வீட்டை விட்டுப் போனதிலிருந்தேவா? ஆமாம். வீட்டு ரேடியோவை அண்டாவில் முக்கின பிறகுமா? அதற்கும் ஆமாம். பிறகு அந்தச் சொன்ன சொல் தவறாத மனுஷன் தலையை நிமிர்த்தி ஒன்று சொன்னார்.

"வீட்ல கேக்கக் கூடாதுன்னுதான சொன்னேன். எடைமேடை வீடு இல்லியே."

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். இவள் இங்கே செவிடாகக் கிடந்தாள். தையல்காரியிடம் பாவப்பட்டம் வாங்கினாள், ரிப்பேர்காரனிடம் சிரிப்பு வாங்கினாள், விரலெல்லாம் எனாமல் சுரண்டிப் புண்ணாகிக் கிடக்கிறது. இந்த மனுஷன் ஒடிந்துவிடக் கூடாதே என்று பெற்ற மகளைப் போய்ப் பார்க்காமல் இருந்தாள். அவரோ தினமும் டீயைக் குடித்துக்கொண்டு மகளுக்குத் தொண்டை தேவலையா என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். பட்டினி போட்டவர் தனக்கு மட்டும் தட்டு வைத்துக்கொண்டார். கூரை பிய்ந்துவிடும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கத்தவில்லை. கத்துவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும், இவர் அந்த ஆளாகக்கூட இல்லை என்று ஆகிவிட்டது.

உள்ளே போய்ச் சேலை மாற்றினாள். ஒரு பையில் மாற்றுத்துணி வைத்தாள். செருப்பைப் போடும்போது எங்கே என்று கேட்டார்.

"உங்க வாக்கு வீட்டுக்குள்ளதான? நான் வெளில போறேன்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழியெல்லாம் அவரைத் திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் இரண்டு நிறுத்தம் தள்ளி வேறு இருக்கைக்கு மாறிக்கொண்டாள். நகரம் நெருங்க நெருங்கத் திட்டு தானாக வற்றிப்போனது, அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு வாசலில் நின்று பார்த்த பார்வைக்கு இன்னும் இவள் பதில் சொல்லவில்லை.

ரேடியோ நிலையத்து வாசலில் காவல்காரரிடம் அம்மா வந்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். மகள் படியிறங்கி வந்தாள். இளைத்திருந்தாள், கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருந்தால் அது தப்பு, அவள் யார் வயிற்றில் பிறந்தவள்? கைகளைக் கட்டிக்கொண்டு கடைசிப் படியிலேயே நின்றாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? அன்னிக்கு ஒரு வார்த்தை பேசினியாம்மா நீ? துணி மடிச்சுக்கிட்டு இருந்த. ஊரெல்லாம் கத்துவியே, எனக்காக ஒரு வார்த்தை வரலியே உனக்கு."

பேசலை என்றாள் அம்மா. அப்பா இப்படி, பெரியப்பா இப்படி என்று ஆரம்பித்தால் ஆரம்பித்திருக்கலாம். ஆரம்பிக்கவில்லை. மகள் விடவில்லை, அத்தனை மாதத்தையும் சேர்த்து வைத்துத் திட்டினாள். ஜுரத்தில் கிடந்தபோது யாரும் இல்லாததைச் சொன்னாள், ஒவ்வொரு நாள் வாசிக்கும்போதும் அம்மா கேட்பாளோ என்று நினைத்துத் தொலைத்ததைச் சொன்னாள், கேட்டிருந்தால் வந்திருப்பாளே என்று தானே முடிவு கட்டிக்கொண்டதைச் சொன்னாள். காவல்காரர் தர்மசங்கடமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா பையைக் கீழே வைக்காமல் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு சத்தமாக, குறுக்கே யாரும் இல்லாமல். கரகரத்த குரல் திடீரென்று உடைந்து மகளுக்கு இருமல் வந்துவிட்டது.

"மெதுவாத் திட்டு" என்றாள் அம்மா. "தொண்டை போயிடும். நான் எங்கயும் போகல."

மகள் அந்தக் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருமல் அடங்கினதும் மகள் மறுபடி ஆரம்பித்தாள்.